டவர் இல்லாத ஓடுதளத்தில் இறங்கும்போது: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

மண்டபம் ஊரில் வடகடல் பக்கம், வெயில் தணிந்ததும் எங்கள் ஓடுதளம் தயாராகிவிடும். மணலில் இரண்டு வரிசை செருப்பு. ஒரு கம்பில் கட்டிய பழைய கைலி, அதுதான் காற்றுப்பை. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று அடித்தால் ரன்வே 04, தென்மேற்கிலிருந்து கச்சான் என்றால் எதிர்ப்பக்கம் 22. எண் என்பது ஓடும் திசையின் டிகிரியைப் பத்தால் வகுத்தது. அமெரிக்காவுக்குப் பைலட் பயிற்சிக்குப் போகப்போகிற பிள்ளைகளும், பாதியில் விடுமுறைக்கு வந்தவர்களுமாக நாலைந்து பேர் அதைச் சுற்றி நடப்பார்கள். நடந்தபடியே ரேடியோவில் பேசுவதுபோல் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "மண்டபம் டிராஃபிக், செஸ்னா, லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே 04, மண்டபம்." வாடை நாளில் டவுன்விண்டில், அதாவது ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில், போகிறவருக்குக் கால் நனையும். சுண்டல் விற்கிறவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்.

இந்தக் கூத்து எதற்கென்றால், நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த விமான நிலையங்கள் எல்லாவற்றிலும் டவரில், அதாவது விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், ஆள் உண்டு. மதுரையில் உண்டு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து, அங்கும் உத்தரவில்லாமல் ஒன்றும் நகராது. ஆனால் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் சுமார் 5,000 விமான நிலையங்களில் டவர் இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம்தான். மற்ற இடங்களில் பைலட்டுகள் ஒரே அலைவரிசையில் தாங்களே ஒருவருக்கொருவர் இடத்தைச் சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள். அனுமதி கொடுக்க யாரும் இல்லை.

படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது சீக்கிரம் பிடிபடும். பாம்பன் பாலத்தைத் தாண்டப் படகுகள் காத்துக்கிடக்கும், திறந்துவிட்டால்தான் போகலாம். அது டவர் உள்ள இடம். விடியற்காலையில் அதே படகுகள் மீனோடு கரைக்குத் திரும்பும்போது யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரிசை, எல்லோர் கண்ணும் பக்கத்துப் படகின் மேல். அது டவர் இல்லாத இடம்.

கீழே வருவதெல்லாம் அமெரிக்க நடைமுறை. வழக்கமான சர்க்யூட், அதாவது ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கும் பாதை, எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பங்கள் இடது பக்கம், வலது என்று வரைபடத்திலோ தரையிலோ குறி இருந்தால் வலது. உயரம் தரையிலிருந்து 1,000 அடி. டவுன்விண்டின் நடுப்பகுதியைப் பார்த்து 45 டிகிரி கோணத்தில் நுழைவது. டவுன்விண்ட், அடுத்து ஓடுதளக் கோட்டை நோக்கிக் குறுக்கே போகும் பேஸ், பிறகு ஓடுதளத்துக்கு நேராக வரும் ஃபைனல், இறக்கம். இனி சிக்கலுக்கு வருவோம்.

"கூப்பிட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை"

ஆளே இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உங்கள் ரேடியோவைச் சந்தேகப்படுங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு சின்ன ஓடுதளத்தில் மூன்று தடவை கூப்பிட்டேன், பரம அமைதி. நிம்மதியாக டவுன்விண்டில் திரும்பினால் எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் விமானம். அலைவரிசையைச் சரியாகத்தான் திருகியிருந்தேன், ஸ்டாண்ட்பை என்னும் காத்திருப்புப் பக்கத்திலிருந்து செயலில் இருக்கும் பக்கத்துக்கு மாற்றவில்லை. இருபது மைல் பின்னால் விட்டுவந்த ஊருக்குத்தான் மூன்று தடவையும் என் வருகையை அறிவித்திருக்கிறேன்.

ஆகவே பார்க்கும் வரிசை இது. அலைவரிசை எண் சரியா, அது செயலில் இருக்கும் பக்கத்தில் இருக்கிறதா, ஒலியளவு ஏற்றியிருக்கிறதா, பேசும் பொத்தான் அழுந்திச் சிக்கிக்கொண்டிருக்கிறதா. கடைசியாகச் சொன்னது மோசமான கோளாறு. உங்களுக்கும் ஒன்றும் கேட்காது, மற்ற எல்லோருடைய பேச்சையும் நீங்களே அடைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒலிபரப்பு விளக்கு விடாமல் எரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால், ரேடியோ இல்லாத விமானம் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது சட்டப்படி சரி. டவர் இல்லாத பெரும்பாலான ஓடுதளங்களில் ரேடியோ கட்டாயம் கிடையாது. மணலில் நடக்கும்போது ஒருவனை வாயே திறக்காமல் நடக்கச் சொல்வேன். யார் என்று மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன். முதல் நாள் அவனை யாரும் கவனிக்கவே மாட்டார்கள், எல்லோரும் குரல் வந்த பக்கமே திரும்பிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கீழக்கரைப் பையன் அவன்மேல் நேராகப் போய் முட்டிவிட்டு, "காக்கா, இவன் சொல்லவே இல்லையே" என்றான். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். அதற்காகத்தான் அவனைச் சொல்லவிடவில்லை.

"இந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிடுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். அமெரிக்க விமானத்துறை அந்த வாக்கியத்தை வேண்டாம் என்றே எழுதிவைத்திருக்கிறது. பத்து மைலில் கேட்கத் தொடங்குங்கள், நீங்கள் எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்ல வேண்டும். 122.8 போன்ற ஒரே எண்ணைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்வதால், முதல் சொல் விழுங்கப்பட்டாலும் கடைசிச் சொல் காப்பாற்றும்.

"குரல் கேட்கிறது, ஆள் எங்கே என்று புரியவில்லை"

இது பெரும்பாலும் கருவி வழியாக இறங்கும் பைலட் பேசும்போது வரும். அவர் வரைபடத்திலுள்ள ஏதோ ஒரு ஐந்தெழுத்துப் புள்ளியின் பெயரைச் சொல்லி, அதைத் தாண்டிவிட்டேன் என்பார். கண்ணால் பார்த்துப் பறக்கும் மாணவருக்கு அது செவ்வாய் கிரகத்தில் இருப்பதும் ஒன்று, பக்கத்தில் இருப்பதும் ஒன்று. வெட்கப்படாமல் கேளுங்கள்: எத்தனை மைல், எந்தத் திசை, என்ன உயரம்? நீங்களே அப்படிப் பறக்கும் காலம் வரும்போது புள்ளிப் பெயரை விட்டு மைலையும் திசையையும் சொல்லுங்கள்.

இன்னொரு வகை, ஓடுதள எண்ணைத் தலைகீழாகச் சொல்வது. 04-க்கு 22. திசைகாட்டியின் வாலைப் படித்துவிடுவார்கள். ஒருவர் சொன்ன எண்ணும் அவர் சொன்ன இடமும் ஒட்டவில்லை என்றால் எண்ணை நம்பாதீர்கள், இடத்தையும் நம்பாதீர்கள். கண்ணில் படும்வரை சர்க்யூட்டுக்கு வெளியே நில்லுங்கள்.

"திரையில் தெரிகிறது, கண்ணில் படவில்லை"

திரை என்பது சுற்றியுள்ள விமானங்களைக் காட்டும் காக்பிட் திரை. இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்.

வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு எடுத்து வருவேன். கையை முழுக்க நீட்டி, விரல்நுனியில் ஒரு கடுகை ஒட்டவைத்துப் பார்க்கச் சொல்வேன். சின்ன விமானமான செஸ்னா 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். இரண்டு கடல் மைல் தொலைவில் அந்த 11 மீட்டர் முழுவதும் அந்தக் கடுகின் அகலம்தான். அதுவும் நேருக்கு நேர் வரும்போது கடுகு உருண்டையாக இருக்காது, நடுவில் ஒரு புள்ளியோடு தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பின்னால் வீடுகள், மரங்கள், மினுங்கும் தண்ணீர். இதைத்தான் தேடுகிறோம்.

அடுத்து கணக்கு. ஒரு பொருளைப் பார்த்து, அது விமானம் என்று உணர்ந்து, மோதப்போகிறது என்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் விலகத் தொடங்க மொத்தம் 12.5 நொடி என்று அமெரிக்க விமானத்துறை கணக்கு வைத்திருக்கிறது. இருவரும் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த நேரத்துக்குள் இடைவெளி 1,150 மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். கடுகு மிளகாகும்வரை காத்திருக்க நேரமில்லை.

ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நம் கண் அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். ஆனால் மோதும் பாதையில் இருக்கும் விமானம் கண்ணாடியில் அசையவே அசையாது. ராத்திரி கடலில் போனவர்களிடம் கேளுங்கள். எதிர்ப்படகின் விளக்கு அணியத்துக்கு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் பிரச்சினை இல்லை. இருந்த இடத்திலேயே நின்று வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டு வந்தால் சுக்கானைத் திருப்ப வேண்டிய நேரம். விமானத்திலும் அப்படியே. கண்ணாடியில் ஓர் அழுக்குப் புள்ளி இடம் மாறாமல் இருந்தால் ஒருமுறை தலையை அசைத்துப் பாருங்கள். பின்னால் தெரியும் காட்சியின் மேல் அது இடம் மாறினால் அழுக்கு. மாறாவிட்டால் உடனே விலகுங்கள்.

கண்ணைச் சும்மா சுழற்றக் கூடாது. பத்து பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு நொடி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓடும் பேருந்தில் கடைப் பலகையைப் படிப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போனால் மூளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. திரும்புவதற்கு முன் இறக்கையைச் சற்றுத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், திரும்பும்போது போகப்போகும் பக்கத்தையே மறைக்கும். செரோக்கி போன்ற பைப்பருக்கு இறக்கை கீழே, அது அடியில் இருப்பவரை மறைக்கும். ஃபைனலில் அந்தப் பைப்பர் மேலே, செஸ்னா கீழே என்று அமைந்துவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமலே ஓடுதளம் வரை வரலாம்.

திரையைப் பற்றி என் கருத்து: பத்து மைல் தொலைவில் அது வரம். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லிவிடும். சர்க்யூட்டுக்குள் வந்தபிறகு குனிந்து திரையைப் பார்க்கிற பழக்கம் ஆபத்து. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் குறிப்பிட்ட வான்பகுதிகளில் ஏடிஎஸ்-பி, அதாவது விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி, கட்டாயம், எல்லா இடத்திலும் இல்லை. மின் அமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நான் பார்த்த மஞ்சள் விமானம் எந்தத் திரையிலும் வந்திருக்காது.

"முன்னால் போகிறவரை நெருங்கிவிட்டேன்"

வேகத்தைக் குறைத்து, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை) சீக்கிரமே இறக்கி, டவுன்விண்டை நீட்டுங்கள். நீட்டுவதாக ரேடியோவில் சொல்லுங்கள். முன்னால் இருப்பவர் ஃபைனலில் உங்களுக்கு எதிர்த்திசையில் பக்கவாட்டில் கடந்து போனபிறகு பேஸில் திரும்பினால் இடைவெளி தானாகக் கிடைக்கும்.

செய்யக் கூடாதது இரண்டு. ஒன்று, அந்த இடத்திலேயே ஒரு முழு வட்டம் அடிப்பது. பின்னால் வருகிறவரின் முகத்துக்கு நேராகப் போய் நிற்பீர்கள். இரண்டு, அவருக்கு உள்பக்கமாகக் குறுக்கே திரும்பி முந்துவது. இதைப் பெரும்பாலும் பழகிய கைகள்தான் செய்கின்றன, மாணவர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

"நான் பேஸில் இருக்கிறேன், ஒருவர் நேராக ஃபைனலில் வருகிறார்"

2022 ஆகஸ்ட் 18, கலிஃபோர்னியாவின் வாட்சன்வில். செஸ்னா 152 ஒன்று சர்க்யூட் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று, பத்து மைலிலேயே நேராக இறங்கப்போவதாகச் சொல்லிவிட்டு வந்தது. இருவரிடமும் ரேடியோ இருந்தது, இருவரும் பேசினார்கள். ஓடுதளத்தை நெருங்கியபோதும் பெரிய விமானம் 180 நாட் அளவு வேகத்தில் இருந்தது. அது தன்னை வேகமாக நெருங்குவதைப் பார்த்து, இறங்காமல் மேலே போகிறேன் என்று 152-இன் பைலட் சொன்ன சில நொடிகளில் மோதின. மூன்று பேர் இறந்தார்கள்.

மணலில் இதை நடத்திக்காட்டுவேன். ஒருவன் சர்க்யூட்டில் நடப்பான், இன்னொருவன் தூரத்திலிருந்து ஓடிவருவான். ஓடுகிறவன் "மூன்று மைல் ஃபைனல்" என்று கத்தும்போது நடக்கிறவன் மனதில் கணக்குப் போடுவான்: மூன்று மைலா, நமக்கு அதற்கு இரண்டரை நிமிடம் ஆகுமே, நிறைய நேரம் இருக்கிறது. அது 70 நாட் வேகத்துக்கான கணக்கு. 180 நாட்டில் மூன்று மைல் சரியாக ஒரு நிமிடம். நாம் கேட்பது மைலை, மனதில் ஓட்டுவது நம் சொந்த வேகத்தை. தவறு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே நேராக வருகிறவர் மைலைச் சொன்னால் வேகத்தைக் கேளுங்கள், அல்லது எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். விமான வகையைச் சொன்னாலே பாதி புரிந்துவிடும். கண்ணில் படும்வரை பேஸில் திரும்பாதீர்கள். டவுன்விண்டில் இன்னும் அரை நிமிடம் போனால் செலவாகப்போவது கொஞ்சம் எரிபொருள்தான்.

முன்னுரிமை யாருக்கு என்று எப்போதும் ஒரு சண்டை வரும். சட்டத்தில் ஃபைனலில் இருப்பவருக்கு முன்னுரிமை. இருவர் இறங்க வரும்போது தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை. கூடவே, அதை வைத்துக்கொண்டு இன்னொருவருக்குக் குறுக்கே புகுவதோ முந்துவதோ கூடாது என்றும் எழுதியிருக்கிறது. நேராக இறங்க வருகிறவரும் சர்க்யூட்டில் இருப்பவர்களின் ஓட்டத்தைக் கெடுக்கக் கூடாது என்பது விமானத்துறையின் அறிவுரை. எனக்கு இந்த வாதத்தில் ஆர்வம் இல்லை. சரி யார் பக்கம் என்பதைத் தரையில் டீ குடித்தபடி பேசிக்கொள்ளலாம், 500 அடியில் வழி விடுகிறவர்தான் டீ குடிக்க வருவார்.

"ஃபைனல் திருப்பத்தில் ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டேன்"

பின்காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. சாய்வைக் கூட்டி இழுத்துப் பிடிக்க வேண்டாம். உயரத்தைத் தக்கவைத்துத் திரும்பினால், 45 டிகிரி சாய்வில் விமானம் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும்) வேகம் சுமார் 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். அந்த உயரத்தில் மீள இடமில்லை. மிதமாகத் திரும்பி, ஒத்துவரவில்லை என்றால் மேலே போய்விடுங்கள்.

"ஓடுதளத்தில் ஒருவர் நிற்கிறார், பதிலும் வந்தது, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது"

சந்தேகம் வந்ததே போதும், இறங்காதீர்கள். 1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலத்தின் குவின்சி. யுனைடெட் எக்ஸ்பிரஸ் பீச்கிராஃப்ட் 1900 ஒன்று ரன்வே 13-இல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் குறுக்கே வெட்டும் ரன்வே 04-இல் புறப்பட ஒரு கிங் ஏர், அதன் பின்னால் ஒரு சின்ன செரோக்கி. 04-இல் இருப்பவர் நிற்கப்போகிறீர்களா, புறப்படப்போகிறீர்களா என்று பீச்கிராஃப்ட் கேட்டது. கிங் ஏரிடமிருந்து பதில் இல்லை. நிற்கிறேன் என்று சொன்னது பின்னால் இருந்த செரோக்கி. அந்தப் பதிலில் ஒரு பகுதி பீச்கிராஃப்டின் காக்பிட்டில் ஒலித்த உயர எச்சரிக்கையில் அமுங்கிப்போனது. கிங் ஏர்தான் பேசியது என்று நினைத்து அவர்கள் இறங்கினார்கள், கிங் ஏரும் ஓடத் தொடங்கியது. சந்திப்பில் மோதி இரண்டிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

கேட்ட கேள்விக்கு ஒரு குரல் பதில் சொல்லிவிட்டால், நாம் கேட்ட ஆளே சொன்னதாக மனம் எடுத்துக்கொள்ளும். பாம்பன் சந்தையில் ஒருவரிடம் விலை கேட்டால் பக்கத்துக் கூடைக்காரர் பதில் சொல்வதில்லையா? அங்கே சிரித்துக்கொள்ளலாம். இங்கே அழைப்புக்குறியை (ரேடியோவில் அந்த விமானத்தின் பெயரை) சேர்த்துச் சொல்லாத பதிலைப் பதிலாகவே எண்ணாதீர்கள். விமானத்தின் நிறத்தைச் சொன்னாலும் அது அழைப்புக்குறிக்கு மேலதிகமாக இருக்கட்டும்.

இறங்காமல் மேலே போகும்போது ஓடுதளத்துக்குச் சற்று வலப்பக்கமாக ஒதுங்கி ஏறுங்கள். இடது இருக்கையில் இருக்கும் உங்களுக்குக் கீழே இருப்பவர் இடப்பக்கக் கண்ணாடியில் தெரிவார். நேர் மேலே ஏறினால், அவர் புறப்பட்டு உங்கள் வயிற்றுக்கு அடியில் ஏறி வருவது தெரியாது. புறப்படப்போகிறவர் நீங்கள் என்றால், ஓடுதளத்தின் மேல் நின்று யோசிக்காதீர்கள். ஃபைனலைப் பார்த்துவிட்டு நுழைந்தால் புறப்பட்டுவிடுங்கள், உங்கள் முதுகுப் பக்கம் வருகிறவரை நீங்கள் பார்க்க முடியாது.

"ராத்திரி, ஓடுதள விளக்கு எரியவில்லை"

பல இடங்களில் பேசும் பொத்தானை அழுத்தியே விளக்கை ஏற்றலாம். ஐந்து நொடிக்குள் ஏழு தட்டு தட்டினால் முழு வெளிச்சம், ஐந்துக்கு நடுத்தரம், மூன்றுக்குக் குறைவு. வழக்கமாகப் பதினைந்து நிமிடம் எரியும். எரியாவிட்டால் மறுபடி அலைவரிசைதான். பிறர் தட்டும் சத்தம் 'டக் டக்' என்று காதில் விழுந்தால், பேசாத ஒருவர் பக்கத்தில் வருகிறார் என்று பொருள். உங்கள் இறக்க விளக்கையும் பத்து மைலுக்குள் போட்டுவிடுங்கள், பகலிலும்தான்.

"இறங்கிவிட்டேன், பின்னால் வருகிறவர் இன்னும் காத்திருக்கிறார்"

ஓடுதளத்தை விட்டு வெளியேறியதும் நிறுத்தக் கோட்டை வால் உட்பட முழுவதும் தாண்டியபிறகு "கிளியர்", அதாவது ஓடுதளத்தை விட்டு விலகிவிட்டேன், என்று சொல்ல வேண்டும். பாதி விமானம் உள்ளே இருக்கும்போது சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். எங்கள் மணலில் அந்தக் கோடு சுண்டல் பொட்டலத்துக் காகிதங்கள்தான். போன வாரம் உச்சிப்புளிப் பையன் அதைத் தாண்டி ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு "மண்டபம் டிராஃபிக், கிளியர் ஆஃப் 04" என்றான். பின்னால் வந்தவன் நிற்கவில்லை. இருவரும் மணலில் உருண்டார்கள். "அண்ணே, நான் சொன்னேனே" என்றான் முதலாமவன். அவன் வால் இன்னும் ஓடுதளத்தில்தான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து நடக்கச் சொன்னேன்.